ரெண்டு கையையும் காட்டுங்க, அண்ணி

1

போன வாரம் என் அலுவலகக் கணினியைப் பழுதுபார்க்க ஒரு ஆள் வந்து நின்றார். கையில் புதுக் கணினி ஒன்று, தோளில் ஒயர்கள் திணித்த பை. என் கணினிக்கு ஒரு கோளாறும் இல்லை. நான்தான் விடுப்பு விண்ணப்பத்தில் எதையோ எழுதித் தொலைத்திருந்தேன்.

விடுப்புக்கான காரணங்களை இங்கே வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். உடம்பு சரியில்லை, கல்யாணம், வீடு மாற்றம், பல் வைத்தியர். பூனைக்கு வைத்தியம் பார்க்கக்கூட ஒரு கட்டம் உண்டு. ஆயுத பூஜைக்கு மட்டும் இல்லை. ‘இதர’ என்ற கட்டத்தைத் தொட்டு, எனக்குத் தெரிந்த டச்சு மொழியில், “அன்று எங்கள் வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்யாது” என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்த புண்ணியவான் பரிதாபப்பட்டுப் பழுது நீக்கும் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

“கணினி நின்றுவிட்டதா?” என்று கேட்டார் வந்தவர்.

“இன்னும் இல்லை. வியாழக்கிழமைதான் நிற்கும்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கருவிகளைக் கழுவி, பொட்டு வைத்து, ஒரு நாள் தொடாமல் விட்டுவைக்கிற பண்டிகை என்று விளக்கினேன். “ஒரு நாள் முழுக்கவா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, புதுக் கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது ஏதோ யோசனையில் தப்பான கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ரோட்டர்டாமுக்குக் கல்யாணமான கையோடு வந்தவள் நான். மகள் நிலா இங்கேதான் பிறந்தாள். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஆயுத பூஜைக்கு நான் விடுப்பு எடுப்பது இதுதான் முதல் தடவை. எல்லாம் போன வருஷ ஆயுத பூஜையால் வந்தது.

2

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வயலில் ஒரு போர்செட் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் கடைமடை வரை வந்து சேர்வதற்குள் பயிர் வாடிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பயிர் செய்வது என் தம்பி குமரனும் அவன் மனைவி செல்வியும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது வருவதும் போவதும் அதன் இஷ்டம். குமரனுக்கு மூட்டு வலி வந்து, வீட்டுக்கும் வயலுக்கும் நடக்கச் சிரமப்பட்டபோது, செல்போனில் இயங்குகிற ஸ்டார்ட்டரைப் போடச் சொல்லி வற்புறுத்தியவள் நான்தான்.

சிம் கார்டு வைத்த ஒரு பெட்டி அது. மின்சாரம் வந்தால் நம் போனுக்குச் செய்தி வரும். பச்சைப் பொத்தானைத் தொட்டால் மோட்டார் ஓடும், சிவப்பைத் தொட்டால் நிற்கும். யார் யார் தொடலாம் என்று நம்பரைப் பதிந்து வைக்கவேண்டும். குமரன் நம்பர், செல்வி நம்பர், கூடவே என் நம்பர்.

“நீ அங்கேர்ந்து என்னக்கா பண்ணப் போற?” என்றான் குமரன்.

“சும்மா இருக்கட்டும்டா, ஒரு அவசரத்துக்கு” என்றேன்.

அவசரம் தினமும் வந்தது. இங்கே காலைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தூறல். மேசைக்கடியில் போன் ஒரு தடவை அதிரும். மின்சாரம் வந்துவிட்டது. பச்சையைத் தொட்டுவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். முதலில் குழாய் இருமும். அப்புறம் கொஞ்சம் துருநிறத்தில் தண்ணீர். அப்புறம் வெள்ளையாக, கனமாக, தொட்டியில் விழுகிற சத்தம். அது மெதுவாக முதல் வயலுக்குள் நுழையும். நண்டு வளை ஒவ்வொன்றாக நிரம்பும். வரப்போரம் நிற்கிற கொக்கு ஒரு காலை எடுத்து வேறு இடத்தில் வைக்கும். யாரோ என் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்பார்கள். கண்ணைத் திறந்து ஏதாவது சொல்வேன். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருப்பதாக எனக்கு நானே நினைத்துக்கொண்ட காலம் அது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். “ஏன் இன்னும் நிறுத்தலை?”, “மேல வயலுக்குத் திருப்பியாச்சா?”, “கரண்ட் வந்து இவ்வளவு நேரமாச்சு, யாரும் பாக்கலையா?” என்று குமரனுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். அவன் வயலுக்குப் போகும்போது போனை வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கும் மஞ்சள் பையில் போட்டுவிட்டுப் போகிறவன். பதில் வராது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

3

நான் வேலை பார்க்கும் நிறுவனம் கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் விற்கிறது. வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் குழுவில் நான். மேலாளர் லிண்டா நல்ல மனுஷி. கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், “நாளைக்குப் பார்த்தால் போதும்” என்று ஆரம்பித்து ஒரு கேள்வி அனுப்புவாள். நாளைக்குப் பார்த்தால் போதுமென்றால் நாளைக்கே அனுப்பலாமே என்று நினைப்பேன். நினைத்து முடிப்பதற்குள் பதிலை எழுதி அனுப்பியிருப்பேன்.

பக்கத்து மேசை மார்ட்டைனுக்குப் புதன்கிழமை ‘அப்பா நாள்’. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையோடு இருப்பதற்கென்று இந்த ஊர் அப்பாக்கள் பலர் எடுத்துக்கொள்வது. அன்று அவருக்கு எதை அனுப்பினாலும், “நான் இன்று இல்லை” என்று தானாகவே ஒரு பதில் வரும். வியாழக்கிழமை காலையில் மூஞ்சியில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல் காபி குடித்துக்கொண்டிருப்பார். சோம்பேறி என்று மனசுக்குள் திட்டுவேன். அதில் பாதி பொறாமை.

ஒரு நாள் எங்கள் குணாதிசயத்தைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். நிறையக் கேள்விகள் கேட்டாள். சாப்பிடும்போது போன் ஒலித்தால் என்ன செய்வீர்கள், விடுமுறையில் மின்னஞ்சல் பார்ப்பீர்களா, இந்த மாதிரி. கடைசியில் எங்களை இரண்டாகப் பிரித்தாள். வேலி போட்டுக்கொள்கிறவர்கள், வாசலைத் திறந்து வைக்கிறவர்கள். மார்ட்டைன் முழு வேலி. நான் முழு வாசல். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

நிலா டச்சில் சிரித்துவிட்டு, தமிழில் கேட்டாள். “எப்பவும் தெறந்தே கெடந்தா அதுக்கு எதுக்கும்மா கதவு?”

அவள் என்னோடு தமிழ் பேசுவது அப்போதே குறைந்திருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என் அலுவலக நாட்காட்டிக்கு ஒரு சந்திப்பு அழைப்பு வந்தது. பொருள்: சாப்பாடும் பேச்சும். யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வீட்டில் நிலா இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீதான் ஒத்துக்கிட்டியே” என்றாள்.

தமிழ் வகுப்பிலிருந்து நின்றுவிடலாமா என்று யோசிக்கிறாளாம். அதைச் சொல்லத்தான் அந்தச் சந்திப்பு. பாதியில் என் போன் அதிர்ந்தது. ஒரு நிமிஷம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். “பரவால்லம்மா, இன்னொரு நாள் போட்டுக்கலாம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செல்வியிடம் லிண்டாவைப் பற்றிப் புலம்பினேன். நேரம் காலம் தெரியாமல் நோண்டிக்கொண்டே இருக்கிறாள், எனக்கென்று ஒரு வீடு வாசல் இல்லையா என்று. செல்வி பூ கட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு என்னைக் கிண்டல் செய்வதென்றால் கரும்பு.

“அண்ணி, உங்களுக்கு ஒரு லிண்டா. எங்களுக்கு யாரு லிண்டான்னு நெனைக்கிறீங்க?”

குமரன் பின்னாலிருந்து சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே இறங்கவில்லை.

4

போன வருஷம் ஆயுத பூஜை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலையிலேயே செல்வி படம் அனுப்பியிருந்தாள். மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அத்தோடு மறந்தும் போனேன். ஆயுத பூஜையன்று மோட்டாருக்கும் ஓய்வு என்பது சின்ன வயசிலிருந்து தெரிந்த விஷயம். அன்றைக்குப் பாடப் புத்தகத்தைத் தொடச் சொன்னால்கூடத் தொடமாட்டோமே!

காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நினைவு வந்திருக்கும். செய்தி வந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று பழகிப்போன கட்டைவிரல், தானாகவே பச்சையைத் தொட்டது. கண்ணை மூடி, குழாய் இருமுவதற்காகக் காத்திருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து, கூட்டம் முடியாதபோதே, குமரனிடமிருந்து அழைப்பு வந்தது. துண்டித்தேன். “கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்” என்று போனிலேயே தயாராக இருக்கும் வாசகம் போயிற்று. மறுபடி அழைத்தான். மறுபடி துண்டித்தேன், மறுபடி அதே வாசகம். அப்புறம் ஒரு செய்தி வந்தது. “போன எடுக்கா.”

கூட்ட அறைக்கு வெளியே ஓடிப்போய் அழைத்தேன். அவன் குரலே அவன் குரலாக இல்லை.

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. அதனால் மெயினை அணைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற தண்டு மூடியில்லாமல் திறந்தே இருக்கும். செல்வி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மாலையைப் போட்டுவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மின்சாரம் வந்தது அவர்களுக்குத் தெரிவதற்குள் மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மாலையைத் தண்டு இழுத்துக்கொண்டது. மாலையோடு அவள் வளையல் கையும் போயிருக்கிறது. குமரன் பாய்ந்து ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இருக்கிற சிவப்புப் பொத்தானைக் குத்தியிருக்கிறான்.

“கை இருக்குக்கா. இருக்கு. வளையல் ஒடஞ்சு கிழிச்சிடுச்சு. தையல் போட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம்” என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

“மெயின அணைக்காதது என் தப்புதான். ஆனா மோட்டாருக்கு நீ ஒடனே பதில் சொன்ன பாரு. எனக்குச் சொல்லலையேக்கா.”

5

மறுநாள் போனில் பொத்தான்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’ குமரன் என் நம்பரை எடுத்துவிட்டான். சொல்லிவிட்டுத்தான் எடுத்தான். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனாலும் அடிக்கடி அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. தையல் பிரித்ததைக் காட்டினாள். பச்சை வளையல் போட்டுக்கொண்டதைக் காட்டினாள். “தழும்பு அழகா இல்ல அண்ணி?” என்றுகூடக் கேட்டாள். குமரன்தான் ஒரு நாள் அவள் இல்லாத நேரத்தில் சொன்னான்.

“அவ இன்னும் மோட்டார் ரூமுக்குள்ள போறதில்லக்கா. வாசல்லயே நின்னுக்கறா. நாந்தான் நொண்டிக்கிட்டுப் போறேன்.”

முன்பெல்லாம் அந்த அறையைத் தன் அடுக்களை மாதிரி வைத்திருந்தவள் செல்வி. கேபிளைச் சுத்தமாகச் சுற்றி வைப்பாள், கோலம்கூடப் போடுவாள். அந்த வாசற்படியை அவளால் தாண்ட முடியாமல் செய்தது ரோட்டர்டாமில் இருக்கிற என் விரல். இதை நினைத்து அழுதிருக்கிறேன். சைக்கிள் மிதித்துக்கொண்டே அழுதால் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, காற்றில் எல்லாருக்கும் கண் கலங்கித்தான் இருக்கும்.

6

குளிர்காலத்தில் நிலாவின் பாஸ்போர்ட்டுக்காக நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எண் வாங்கி, எண் வரும்வரை உட்கார்ந்து, எண் வந்து, எல்லாம் முடிந்து ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வாயைத் திறந்தேன். சன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே, “நாளைக்கு” என்று சொல்லித் திரையை இறக்கிவிட்டாள். என் முகத்துக்கு நேரே!

டிராம் நிறுத்தத்தில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பெண் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனாள். பின்னால் குழந்தை உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. பள்ளியிலிருந்து யாரையோ ஏற்றிக்கொள்ளப் போகிறாள். பனிமூட்டத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் கேள்வி அவளோடு கூடப் போகவில்லை. நான் லிண்டாவின் கேள்விகளை எங்கெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்று யோசித்தேன். குளியலறைக்கு. நிலாவின் நீச்சல் குளத்துக்கு. என் மாமனார் இறந்த வீட்டுக்குக்கூட. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. இரண்டு டிராம்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அன்று ராத்திரி ஒரு கனவு. எங்கள் வயலில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் போட்டுவிடவில்லை, யாரும் நிறுத்தப்போவதுமில்லை. நான் கையில் ஒன்றும் இல்லாமல் வரப்பில் நிற்கிறேன். தண்ணீர் என்னைக் கேட்காமலே அடுத்த வயலுக்குப் போகிறது. அவ்வளவுதான் கனவு. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் போனை இழுப்பறையில் வைக்க ஆரம்பித்தேன். முதல் சில நாட்கள் இழுப்பறையோடுதான் சாப்பிட்டேன், கண் முழுக்க அதன்மேல். பிறகு நிலாவுக்கு ஒரு சந்திப்பு அழைப்பு அனுப்பினேன். பொருள்: சாப்பாடும் பேச்சும். அவள் உடனே ஏற்கவில்லை. காக்கவைத்துத்தான் ஏற்றாள். தமிழ் வகுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் கேட்கத் தயாரானபோது முடிவு எடுத்து முடித்திருந்தாள். வலித்தது. ஆனால் அதைத் தமிழில்தான் சொன்னாள், முழுசாகச் சொன்னாள், நான் எழுந்து போகவில்லை.

7

வியாழக்கிழமை விடிந்தது. நம் ஊர்ச் சாமான்கள் விற்கிற சுரினாம் நாட்டுக்காரர் கடையில் பொரியும் கடலையும் வாங்கி வைத்திருந்தேன். என் கணவர் ரவி துளைபோடும் இயந்திரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். நிலா அவளுடைய டேப்லெட்டை வைத்தாள். அலுவலகக் கணினியை மூடி, நடுவில் அவளே ஒரு பொட்டு வைத்தாள். “உன் போனுக்கு?” என்றாள். மாமா கூப்பிடுவார், அதற்கப்புறம் வைக்கலாம் என்றேன். வெளியே மழைக்கு முந்தின வெளிச்சம். வீடு முழுக்கச் சூடம் மணத்தது.

போனைப் பொரிப் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைத்தேன். குமரன் வீடியோவில் வந்தான். மோட்டார் ரூம் தெரிந்தது. கழுவிய மோட்டார் பளபளவென்று இருந்தது. செல்வி குங்குமச் சிமிழோடு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள்.

“மெயின்லேர்ந்து பீஸ் கட்டையப் புடுங்கி என் சட்டைப் பையில வச்சிருக்கேன். மோட்டார் ஓட வழியே இல்ல. இவ உள்ள வர மாட்டேங்கறா” என்றான் குமரன்.

“பீஸ் கட்டையெல்லாம் எனக்குத் தெரியாது” என்றாள் செல்வி. “அண்ணி, நீங்க ரெண்டு கையையும் காட்டுங்க.”

“அக்கா நம்பரே இதுல இல்லையே!”

“இருக்கட்டும். அண்ணி கையக் காட்டட்டும். நான் வச்சு முடிக்கிற வரைக்கும் எறக்கக் கூடாது.”

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். நிலா களுக்கென்று சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை. மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தினாள். சிமிழில் விரலைத் தொட்டாள். பச்சை வளையலுக்குக் கீழே தழும்பு தெரிந்தது. அந்தக் கை தண்டை நோக்கி நீண்டது.

அப்போது போனில் ஒரு செய்தி மேலிருந்து இறங்கியது. லிண்டா. “விடுப்பில் இருக்கிறாய் என்று தெரியும், நாளைக்குப் பார்த்தால் போதும், ஆனால்…” சரியாகச் செல்வியின் கையை மறைத்துக்கொண்டு நின்றது.

விரலால் தள்ளிவிட்டால் போய்விடும். ஒரே ஒரு தள்ளு. என் கட்டைவிரல் அந்தரத்தில் அசைந்ததை நிலா பார்த்துவிட்டாள்.

“அம்மா” என்றாள் மெதுவாக.

நான் அசையவில்லை. அந்தச் செய்திக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல், கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடாததால் அது தானாகவே மேலே ஏறி மறைந்தது. மோட்டாரின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு இருந்தது. செல்வி அதைக் கொஞ்சம் சரிசெய்தாள். மாலையை எடுத்துப் போட்டாள், ஓரத்தை மடித்துச் செருகினாள். அவசரமே படவில்லை. பழையபடி அந்த அறை முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் அவிழ்ந்து கிடந்த கேபிளைச் சுற்றி வைத்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“ஆச்சு அண்ணி. கைய எறக்குங்க.”

“இருக்கட்டும் செல்வி” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”